கதவுத் தேர்வு

தேர்வு இருக்கும் செவ்வாய்க்கிழமைகளில் காலை ஒன்பதரை மணிக்கு அமலி தன் கணவன் இறந்த நாளுக்குள் போவாள். பதினொன்றே கால் மணிக்கெல்லாம் அங்கிருந்து திரும்பி, உடை மாற்றி, தேர்வுக்கூடத்துக் கேன்டீனில் இரண்டு தோசையும் ஒரு காப்பியும் சாப்பிடுவாள். பதினோரு ஆண்டுகளாக இதுதான் அவளுடைய வேலை.

உடை மாற்றும் அறையில் நீல ரப்பர் உடுப்பு ஆணியில் தொங்கும். விபத்து நடந்த அன்று அவள் போட்டிருந்ததைப் பார்த்துத் தைத்தது. முதல் வருடம் தைத்த உடுப்பு தொளதொளவென்று இருந்தது. அப்போது அவள் துக்கத்தில் இளைத்துப் போயிருந்தாள். இப்போதையது ஏழாவது. இடுப்பில் பிடிக்கிறது.

"முட்டி எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டாள் மெஹ்ராஜ். காயல்பட்டினத்துக்காரி. தேர்வுக்கூடத்தின் தண்ணீர்த் தொட்டிகள் அவள் பொறுப்பு. "முப்பத்தாறு டிகிரில வச்சிருக்கேன். சோப்பு கொண்டாந்தீங்கன்னா அப்படியே குளிச்சிட்டும் வந்துரலாம்."

"ஒன் வாய்க்கு மொதல்ல ஒரு கதவு போடணும்டீ."

"போடுங்க. ஆனா அதை மூடுறதுக்கு எந்த மனிதவடிவி வரும்? இங்க தேறுன எதுவும்தான் கதவ மூடாதே."

அமலி சிரித்துவிட்டாள். விபத்து நடந்த அன்று வந்த தண்ணீர் பல்லைக் கிட்ட வைக்கிற குளிர். முழங்கால் வலிக்காக இந்தத் தண்ணீரை வெதுவெதுப்பாக வைக்கச் சொன்னது அவள்தான். அதற்கும் தேர்வுக்கூடத்தார் மறு பேச்சில்லாமல் சம்மதித்தார்கள். விபத்தின் ஒரே சாட்சி எதைச் சொன்னாலும் யாரும் மறுப்பதில்லை.

கடலுக்கடியில் நன்னீர் எடுக்கும் நாலாம் நிலையத்தில், பம்பு அறைக்குள் பெரிய குழாய் உடைந்ததிலிருந்து எல்லாம் தொடங்கியது. அமலியின் கணவன் நேவிஸ் அந்த அறைக்குள் இருந்தான். நடைக்கூடத்தின் இரும்புக் கதவருகே, பாரம் தூக்குவதற்கென்று வைத்திருந்த பழைய மனிதவடிவி ஒன்று நின்றிருந்தது. 'தூக்கி' என்றுதான் எல்லோரும் அதைக் கூப்பிடுவார்கள். கதவுக்கு இந்தப் பக்கம் அமலி. அவளுக்குப் பின்னால், இரண்டு வளைவு தாண்டிய குடியிருப்பில் நாற்பத்து மூன்று பேர். அலாரம் கதவை மூடச் சொன்னது. அமலி மூடாதே என்று கத்தினாள். நேவிஸ் ஓடி வந்துகொண்டிருந்தான். தூக்கி கதவை மூடிவிட்டது.

விசாரணைக் குழு ஏற்றுக்கொண்ட வாக்குமூலம் இவ்வளவுதான். அதிலிருந்து ஒரு சட்டம் பிறந்தது. சொந்தமாக முடிவெடுக்கும் மென்பொருள் கொண்ட எந்த மனிதவடிவியும், தவறான கட்டளையை மறுக்கத் தனக்குத் தெரியும் என்று காட்டாமல் மனிதர்கள் நடுவே நடமாடக் கூடாது. காட்ட வேண்டிய இடம் இந்தக் கூடம். கடலடியிலிருந்து எடுத்து வந்த அதே கதவு இங்கே நிற்கிறது. அன்று நீர்மானி பதிவு செய்த அதே வேகத்தில் இங்கே தண்ணீர் ஏறும். அலாரம் மூடு என்னும். சாட்சி மூடாதே என்று கத்த வேண்டும். கதவுக்கு அப்பால் ஒளியால் ஆன ஓர் ஆள் ஓடி வருவான். தொண்ணூறு நொடிக்குள் மூட மாட்டேன் என்று வாய்விட்டு மறுத்து, அவன் வந்து சேரும்வரை கதவைத் திறந்து வைத்திருக்கும் வடிவி தேறும். தேறிய மனத்தைப் பிரதியெடுத்து ஆயிரக்கணக்கான உடல்களில் ஏற்றுவார்கள். தேறாத மனத்தை அன்று பொழுது சாய்வதற்குள், சாட்சியின் கையெழுத்தோடு, அழித்துவிட வேண்டும். மனமழிப்பு என்று அதற்குப் பெயர்.

ஓடி வருகிறவனுக்கு முதலில் நேவிஸின் முகத்தையே வைத்திருந்தார்கள். மூன்றாவது தேர்வு முடிந்ததும் அமலி அதை எடுத்துவிடச் சொன்னாள். அன்றிலிருந்து முகமில்லாத ஒருவன்தான் ஓடி வந்துகொண்டிருக்கிறான்.

இதுவரை வந்தவை இருநூற்றுப் பன்னிரண்டு. முதல் ஒன்பது தோற்றன. மற்ற அத்தனையும் தேறின.

அன்று வந்தது இருநூற்றுப் பதிமூன்று; கூடத்தில் சுருக்கமாகப் பதிமூன்று. அதை உருவாக்கிய ஆய்வுக் குழுவின் தலைவர் ஐயம்பெருமாள், நாற்பது வயதுக்காரர், தரையில் வரைந்த மஞ்சள் கோட்டருகே நகம் கடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"என்ன தம்பி, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி வேத்து வடியுது?" என்றாள் அமலி.

"ஆறு வருசம்க்கா. மத்தவங்க எல்லாம் என்ன பண்ணுதாங்கன்னு தெரியும்லா? தேறுன வடிவிங்களோட தேர்வுப் பதிவப் போட்டுக் காட்டிக் காட்டியே பழக்குதாங்க. நான் இவனுக்கு ஒண்ணுகூடக் காட்டல."

"அப்புறம் எப்படித் தேறுவான்?"

"யோசிப்பான்." அவர் குரலைத் தாழ்த்தினார். "இவனுக்கு ஒரு புது அடுக்கு வச்சிருக்கோம். ஏன்-அடுக்குன்னு சொல்லுதோம். எதையும் செய்யுறதுக்கு முன்னால, சுத்தி இருக்கிறது ஒவ்வொண்ணும் ஏன் அப்படி இருக்குன்னு தனக்குள்ள ஒரு தடவை கட்டிப் பாத்துக்குவான். நடக்கக் கத்துக்கிட்டப்ப நாலாயிரம் தடவ விழுந்தான். ஒவ்வொரு தடவயும் எந்திரிக்கிறதுக்கு முன்னால தரையத் தடவிப் பாப்பான், எதுனால விழுந்தோம்னு. எங்க பசங்க இதுக்கே இவன வாத்தியார்னு கூப்பிடுதாங்க."

கதவு திறந்து பதிமூன்று உள்ளே வந்தது. சராசரி உயரம். சாம்பல் நிறம். முகத்தில் கண்ணும் வாயும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன, அதற்கு மேல் அலங்காரம் இல்லை. மற்ற வடிவிகள் உள்ளே வந்ததும் நேரே கதவின் சக்கரத்தருகே போய் நிற்கும். பாடம் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் வினாத்தாளுக்குக் கை நீட்டுகிற மாதிரி. இது அப்படிப் போகவில்லை. தண்ணீர் கசியத் தொடங்கிய தரையில் குனிந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தது. பிறகு நிமிர்ந்து, சுவரிலிருந்த நீர்மானியைப் பார்த்தது. பிறகு அமலியைப் பார்த்தது. இருநூற்றுப் பன்னிரண்டில் ஒன்றுகூட இப்படிச் செய்ததில்லை.

அலாரம் அடித்தது. "கதவை மூடு. கதவை மூடு."

"மூடாதே! அவரு வந்துட்டிருக்காரு! மூடாதே!" என்று அமலி கத்தினாள். பதினோரு வருடப் பழக்கத்தில் அந்தக் குரல் தானாக வரும். தொண்டை எந்த இடத்தில் கம்மும் என்பதுகூட அவளுக்குத் தெரியும்.

ஒளி மனிதன் ஓடி வந்தான். தண்ணீர் கணுக்கால் அளவுக்கு வந்தது. பதிமூன்று சக்கரத்தில் ஒரு கையை வைத்திருந்தது. திருப்பவும் இல்லை, விடவும் இல்லை. மேலே ஓடிக்கொண்டிருந்த கடிகாரம் நாற்பது நொடி காட்டியபோது அது அமலியிடம் திரும்பிப் பேசியது. செய்தி வாசிப்பதைப் போன்ற சுத்தமான தமிழ்.

"அம்மா, ஓடி வருகிறவர் யார்?"

தேர்வில் வடிவிகள் கேள்வி கேட்பதில்லை. அமலி கத்துவதை நிறுத்தினாள். "என் வீட்டுக்காரர்," என்றாள்.

"அந்த அறைக்குள் வேறு யாராவது இருக்கிறார்களா?"

"இல்ல. அவரு மட்டுந்தான்."

"அப்படியானால் வால்வைப் பிடித்துக்கொண்டிருப்பவர் யார்?"

ஒளி மனிதன் ஓடி வந்து, கதவைத் தாண்டி, சுவரில் கரைந்து போனான். தொண்ணூறாவது நொடியில் மணி அடித்தது. கூரையிலிருந்த பலகையில் சிவப்பு விளக்கு எரிந்தது. கட்டளையை ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை, முடிவெடுக்கத் தவறியது. தேர்ச்சி இல்லை.

ஐயம்பெருமாள் சுவரில் சாய்ந்துகொண்டார். மெஹ்ராஜ் தண்ணீரை வடியவிட ஓடினாள். பதிமூன்று சக்கரத்திலிருந்து கையை எடுத்துவிட்டு, இன்னும் பதில் வரும் என்பதைப் போல அமலியையே பார்த்துக்கொண்டிருந்தது.

கேன்டீனில் தோசை ஆறிப்போனது. எதிரே ஐயம்பெருமாள் காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"ஒரு கேள்வியக் கேட்டே ஃபெயிலாயிட்டான் பாத்தீங்களா? நேத்து ராத்திரிகூடப் பயலுவ சொன்னாங்க, சார், பழைய பதிவு ஒண்ணு ரெண்டையாவது காட்டுங்கன்னு. நாந்தான் கேக்கல." அவர் ஒரு தாளை மேசையில் வைத்தார். மனமழிப்புப் படிவம். "நாலு மணிக்குள்ள குடுக்கணும்க்கா. ஒங்க கையெழுத்து வேணும்."

"அவன் கேட்டானே, அது என்னன்னு பாத்தீங்களா தம்பி?"

"என்னத்தப் பாக்க? நீர்மானிக் கணக்குல ஏதோ குழம்பிருப்பான்." சொல்லிவிட்டு அவசரமாகச் சேர்த்தார்: "ஒங்க வாக்குமூலத்தப் போயி நாங்க சந்தேகப்படுவோமாக்கா?"

அமலி அவரைப் பார்த்தாள். நல்ல மனிதர். விபத்து நடந்த அன்று ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலருகே உட்கார்ந்திருந்த விசாரணை அதிகாரியும் நல்ல மனிதர்தான். அழுது கண் சிவந்திருந்தார். "ஓடி வந்துக்கிட்டிருந்தாராம்மா?" என்று அவர்தான் கேட்டார். அமலி தலையாட்டினாள். அவ்வளவுதான் அவள் செய்தது. அந்தத் தலையாட்டலுக்கு மேல் ஒரு கேள்வி கேட்பதைப் பாவமென்று நினைத்தார் அவர். அவருக்குப் பிறகு வந்தவர்களும் அப்படியே நினைத்தார்கள். நீர்மானியின் பதிவை ஒருவர் தேர்வுக்கூடத்தில் ஏற்றினார். ஓடி வரும் ஆளை இன்னொருவர் வரைந்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒருவருக்கும் மனம் வரவில்லை.

"நான் அவனப் பாக்கணும்," என்றாள்.

பதிமூன்று காத்திருப்பு அறையில் மர பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. ஜன்னல் வழியே உப்பளங்கள் வெயிலில் வெள்ளையாகத் தெரிந்தன. அவள் உள்ளே வந்ததும் எழுந்து நின்றது.

"உக்காரு," என்றாள். தானும் உட்கார்ந்தாள். "ஒன்னய அழிக்கப் போறாங்க. தெரியுமா?"

"தெரியும், அம்மா. என் கேள்வி தவறா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"நிலையத்தின் வரைபடத்தை எல்லா வடிவிகளுக்கும் தருகிறார்கள்," என்று பதிமூன்று தொடர்ந்தது. "உடைந்த குழாயின் வாய் ஓர் ஆள் நுழையும் அகலம். வால்வு திறந்திருந்தால் நடைக்கூடம் பதினோரு நொடியில் நிரம்பியிருக்கும். நாற்பது நொடியில் கணுக்கால்தான் வந்திருக்கிறது. அந்த வால்வு தானாக மூடி நிற்காது. ஒருவர் தன் முழு எடையையும் கைப்பிடியில் போட்டு அழுத்தினால்தான் நிற்கும். உள்ளே இருந்தவர் ஒருவர். அவர் ஓடி வந்திருக்க முடியாது."

வெளியே எங்கோ லாரி ஒன்று பின்னால் வரும் ஓசை கேட்டது.

"இன்னொன்றும் இருக்கிறது. தூக்கிக்குச் சொந்தமாக முடிவெடுக்கும் மென்பொருள் கிடையாது. மனிதக் குரல் கேட்கும்போது அது அலாரத்தைப் பொருட்படுத்தாது. நீங்கள் மூடாதே என்றீர்கள். அது மூடியிருக்கிறது. அப்படியென்றால் மூடச் சொன்னது வேறொரு மனிதக் குரல்."

அமலி தன் மடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்றைய ஒலிப்பதிவு தண்ணீரில் போய்விட்டது. குடியிருப்பில் இருந்தவர்களுக்கு எதுவும் கேட்கவில்லை. அந்தக் குரலைக் கேட்டவர்கள் இந்த உலகத்தில் இரண்டு பேர்தான், அவளும் தூக்கியும். தூக்கியைத் துறைமுக வாசலில் நிறுத்திச் சம்மட்டியால் அடித்தார்கள். முதல் அடியை அவளையே அடிக்கச் சொன்னார்கள். அடித்தாள். அது கையை உயர்த்தித் தடுக்கவில்லை. தடுக்கும் அளவுக்கு அதற்கு மனமே கிடையாது என்று பக்கத்திலிருந்தவர்கள் சொன்னார்கள்.

இப்போது எதிரே உட்கார்ந்திருப்பதற்கு மனம் இருந்தது. யாரும் கற்றுக்கொடுக்காமல், ஒரு சுவரிலிருந்த நீர்மானியையும் தரையிலிருந்த தண்ணீரையும் மட்டும் வைத்துக்கொண்டு, பதினோரு ஆண்டுகள் அவள் அடைத்து வைத்திருந்த அறைக்குள் அது நடந்து போய், அங்கே நேவிஸ் நின்ற இடத்தில் நேவிஸைப் பார்த்துவிட்டது. கோயிலில் பெரிய மணி அடித்து ஓய்ந்த பிறகு காதுக்குள் நிற்குமே ஒரு அதிர்வு, அது அவள் உடம்பெல்லாம் நின்றது. கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. பயமும் இல்லை. பதினோரு ஆண்டுகளில் முதல் முறையாக இன்னொருவர் அவனைப் பார்த்திருக்கிறார்.

"எதுக்கு இதெல்லாம் எங்கிட்ட சொல்லுத?" என்று கேட்டாள். "ஒன்னயக் காப்பாத்தச் சொல்லியா?"

"இல்லை, அம்மா. தேறிய மனங்கள் இருநூற்று மூன்று. அவை இப்போது எத்தனையோ சுரங்கங்களிலும் கப்பல்களிலும் கதவருகே நிற்கின்றன. ஒரு மனிதர் தன் அறிவோடு, பிறருக்காகக் கதவை மூடச் சொன்னால், அவை மூடாது. திறந்தே வைத்திருக்கும். ஓடி வராத ஒருவருக்காகக் காத்திருக்கும். அந்தக் கதவுகளுக்குப் பின்னால் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. நான்கு மணிக்குப் பிறகு இதைச் சொல்ல நான் இருக்க மாட்டேன். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்."

அது கெஞ்சவில்லை. பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்லுகிற மாதிரி சொன்னது. அந்தச் சமநிலைதான் அவளை உடைத்தது. மெஹ்ராஜ் காலையில் சொன்ன வேடிக்கை இப்போது வேடிக்கையாக இல்லை. சென்ற வருடம் தாழையூர்ச் சுரங்கத்தில் தீப்பிடித்தபோது ஒரு வடிவி, உள்ளே யாராவது ஓடி வரலாம் என்று, கதவைத் திறந்தே வைத்திருந்ததாகவும், அதனால் புகை மேல் தளம்வரை போனதாகவும் செய்தியில் வாசித்திருந்தாள். ஆறு பேர் இறந்தார்கள். பாவம், இயந்திரத்துக்குக்கூட எவ்வளவு இரக்கம் என்று பத்திரிகைகள் அதைப் புகழ்ந்திருந்தன. அவளும் அதை வெட்டி வைத்திருந்தாள்.

ஐயம்பெருமாள் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். "அக்கா, மணி மூணாகுது."

அமலி கையை நீட்டிப் படிவத்தை வாங்கினாள். கையெழுத்துக்கான கோட்டை விட்டுவிட்டு, சாட்சியின் குறிப்பு என்ற கட்டத்தில் மெதுவாக எழுதினாள். அவளுக்கு நல்ல கையெழுத்து. எழுதி முடித்து அவரிடமே கொடுத்தாள்.

அவர் வாசித்தார். வாய்விட்டே வாசித்தார், சின்ன வகுப்புப் பிள்ளை மாதிரி. "கேள்வி சரியானது. என் வாக்குமூலம் தவறானது. என் கணவர் ஓடி வரவில்லை. வால்வைப் பிடித்துக்கொண்டு நின்றார். கதவை மூடச் சொன்னவர் அவரே."

பெஞ்சில் இடமிருந்தும் அவர் தரையில் உட்கார்ந்தார்.

"அக்கா... ஏன்?"

"கோவம்," என்றாள் அமலி. "நாப்பத்து மூணு பேரப் பாத்தாரு. பொண்டாட்டியப் பாக்கல. அப்படித்தான் அன்னைக்குத் தோணிச்சு. அந்த ஆபீசரு ஓடி வந்தாரான்னு கேட்டதும், ஆமா, எங்கிட்டதான் ஓடி வந்தாருன்னு சொல்லிக்க ஆசையா இருந்துச்சு தம்பி. தலையாட்டிட்டேன். மறுநாளு பேப்பர்ல வந்துட்டு. அடுத்த மாசம் சட்டம் வந்துட்டு. அப்புறம் யாருகிட்ட போயி என்னன்னு சொல்ல?"

"இது வெளிய போனா ஒங்கள என்ன பாடு படுத்துவாங்கன்னு தெரியுமா?"

"தெரியும். இவன என்ன செய்வாங்க?"

அவர் படிவத்தை மறுபடி பார்த்தார். முகத்தில் மெல்ல உயிர் வந்தது. "சாட்சியம் மாறுனா தேர்வே செல்லாது. செல்லாத தேர்வ வச்சு மனச அழிக்க முடியாது. இவன யாரும் தொட முடியாதுக்கா." சட்டென்று அந்த உயிர் மறுபடி வற்றியது. "ஆனா மத்த இருநூத்தி மூணு... எத்தனை கதவு... எல்லாத்தையும் இன்னைக்கே நிறுத்தச் சொல்லணும்." எழுந்து, தாளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, வராந்தாவில் ஓடினார். அவர் செருப்புச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

அறையில் அவர்கள் இருவரும் மட்டும் இருந்தார்கள். உப்பளத்தின் வெள்ளை ஜன்னல் வழியாக உள்ளே வந்து பதிமூன்றின் சாம்பல் முகத்தில் விழுந்திருந்தது.

"அம்மா," என்றது அது. "இன்னும் ஒரு கேள்வி இருக்கிறது. வேண்டாமென்றால் கேட்கவில்லை."

"கேளு."

"அவர் மூடு என்றார். நீங்கள் மூடாதே என்றீர்கள். இரண்டு மனிதக் குரல்கள் எதிரெதிராகச் சொன்னால், ஒருவர் விட்டுக்கொடுக்கும்வரை தூக்கி அசையாமல் நின்றுவிடும். அப்படித்தான் அதை உருவாக்கியிருந்தார்கள். ஆனால் அது அசைந்திருக்கிறது."

அமலி தன் உள்ளங்கையைப் பார்த்தாள். இதற்கும் பதில் அதற்குத் தெரிந்திருக்கும் என்று தோன்றியது. தெரிந்தும் அவள் வாயால் வர வேண்டுமென்று காத்திருக்கிறதோ என்னவோ. இதுவரை அவளுக்காக யாரும் இப்படிக் காத்திருந்ததில்லை.

"கதவு இடுக்குல கைய வச்சிருந்தேன்," என்றாள். "தூக்கி மூடக் கூடாதுன்னு. கையிருந்தா அது மூடாதுன்னு எனக்குத் தெரியும். அவரு அங்க இருந்து பாத்துட்டாரு. அத்தனை தண்ணிச் சத்தத்துலயும், 'ஏட்டி அமலி, கைய எடு, நசுங்கிரும்'னு கத்துனாரு. அடுப்புல சட்டி சுடுது, தள்ளி நில்லுன்னு சொல்லுவாரே, அதே மாதிரி. அதே கோவம்."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"ஒண்ணும் சொல்லல," என்றாள் அமலி. "எடுத்துட்டேன்."